அடுக்களைக்கு ஒரு கேட்

மிக்சி போட்டுவிட்டுத் திரும்பினால், அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் பத்து மாத மகாராணி.

கடையில் கேட் விலை கேட்டேன். பேசாமல் வந்துவிட்டேன்.

அப்பா மொட்டை மாடியில் கிடந்த பழைய பிவிசி பைப்பை அறுக்க உட்கார்ந்தார். பைப்பை இணைக்க டீ, எல்போ மூட்டுகள், பசை, இரண்டு கீல், ஒரு கொண்டி. மொத்தம் 400 ரூபாய்க்குள்.

எல்லாப் பைப்பும் நெட்டுக்குத்தாக, இடைவெளி 6 சென்டிமீட்டருக்குள். "அகலமா விட்டா தலை மாட்டிக்கும்மா. குறுக்கே வச்சா ஏணி ஆயிடும்."

இத்தனைக்கும் நான் வளர்ந்தபோது வாசலில் குறுக்கே போட்ட பலகைதான் கேட்!

சாயங்காலம் பார்த்தால், அதே கேட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். முதல் முறையாக.

கண் மட்டும் கொண்டி மேலேயே இருக்கிறது.