வாளியில் ஊறும் கோரை

அக்டோபர் 6, திங்கள்

இரண்டாம் பருவப் புத்தகங்களைக் கொடுத்து முடித்தோம். பிள்ளைகள் புதுத்தாளை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்பலகையில் எழுதினேன்: "டீச்சர் நான்கு வாரம் பேசக் கூடாது. நான் எழுதுவேன். நீங்கள் படியுங்கள்." நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்புமாக இருபத்து மூன்று பேர். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்தவள் எழுந்து உரக்க வாசித்தாள். பின்னாலிருந்து ஒருவன், "காதோடு காதாகச் சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்டான். அதுவும் கூடாது, கிசுகிசுத்தாலும் தொண்டை இறுகும் என்று எழுதினேன். அதை அவனே எழுந்து வாசித்தான்.

விடுப்பு எடுக்கச் சொல்லித் தலைமையாசிரியர் அக்கா வற்புறுத்தினார்கள். ஈராசிரியர் பள்ளி. நான் வராவிட்டால் ஐந்து வகுப்பும் அவர்கள் தலையில் விழும். வந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. வீட்டில் இருந்தால் மருத்துவமனைக் கணினித் திரையில் பார்த்த என் குரல்நாண்களின் படம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு பக்கமும் குருணை அளவில், வெள்ளையாக, முடிச்சுகள்.

அக்டோபர் 7, செவ்வாய்

பதினோரு மணிக்குள் மூன்று முறை வாயைத் திறந்துவிட்டேன். சத்தம் வருவதற்குள் மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

சாமான் அறையில் பழைய தகரப் பெட்டியைத் திறந்தோம். செயல்வழிக் கற்றல் அட்டைகள். ரிஷி வேலியில் உருவான முறையை ஒட்டிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்தபோது நான் வேலைக்குப் புதியவள். கற்றல் ஏணி, மைல்கல், முயலும் அணிலும் போட்ட சின்னங்கள். பிள்ளை தானே ஏணியைப் பார்த்து, தானே அட்டையை எடுத்து, தரையில் வட்டமாக உட்கார்ந்து படிக்க வேண்டும். அட்டைகளில் பாதியைக் கரையான் தின்றிருக்கிறது. மீதியில் கணக்கு அட்டைகள் நன்றாக இருக்கின்றன.

அந்த நாட்களில் பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகை அடித்திருந்தோம், ஆளுக்கு ஒரு கட்டம். பிறகு வெள்ளையடித்து, அதன்மேல் மயிலும் தாமரையும் வரைந்துவிட்டார்கள். இன்று மயிலின் வாலைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே கறுப்பு அப்படியே இருக்கிறது. இத்தனை வருடமும் நான் அந்த மயிலின் பக்கத்தில் நின்றுதான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். நினைக்க நினைக்க ஆறவில்லை.

பெட்டியின் அடியில் என் பயிற்சிக் காலத்து நோட்டும் கிடைத்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதியது என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிதான் பொறுக்கிறார். அடுத்த நொடி இன்னொரு பிள்ளையைக் கேட்கிறார், அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுகிறார். மூன்று நொடிக்கு மேல் பொறுத்தால் பதில் நீள்கிறது, 'தெரியாது' குறைகிறது, பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். தேர்வுக்காகப் படித்தேன், மதிப்பெண் வாங்கினேன். வகுப்பில் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

இன்று எண்ணினேன். கேள்வியைச் சுண்ணக்கட்டியால் எழுதி முடிக்கவே பத்து நொடி ஆகிறது. அதற்குள் கண்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. எழுதி முடித்த பிறகு முதல் கை உயர ஏழு நொடி.

அக்டோபர் 11, சனி

வீட்டில்தான் கடினம். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. சிலேட்டை நீட்டினால் முகம் வாடிப்போகிறது. பீடி சுற்றிச் சுற்றி வளைந்த விரல்களால் என் தொண்டையைத் தடவி, "பயப்படாதே தாயி" என்கிறார்கள். பயமில்லை என்று சொல்ல எனக்குச் சைகை தெரியவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

மயில் போய்விட்டது. என் வீட்டுக்காரரே வந்து கறுப்பு பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். காயும்வரை தொடாமல் இருக்கப் பிள்ளைகள் பட்ட பாடு!

அறிவியல் பாடத்துக்கு ஒரே ஒரு வரிதான் எழுதினேன்: "உங்கள் வீட்டு வேலையில், ஏன் என்று உங்களுக்கே தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள்." பன்னிரண்டு நொடி. பத்தமடைப் பாய் நெய்யும் வீட்டுப் பிள்ளை எழுந்தாள். "கோரையை ஓடுகிற தண்ணீரில்தான் ஊறப் போட வேண்டும் என்று உம்மா சொல்வார்கள். வீட்டில் தொட்டி இருக்கிறது. பிறகு ஏன் ஆற்றுக்குச் சுமக்கிறார்கள்?"

எனக்கும் தெரியாது. தெரியாது என்று எழுதினேன். பெரிய எழுத்தில், நடுப்பலகையில்.

அதன் பிறகு அரை மணி நேரம் வகுப்பில் எனக்கு வேலையே இல்லை. மூன்று கட்டு வேண்டும் என்றார்கள். ஒன்று காய்ந்தபடியே, ஒன்று வாளியில், ஒன்று கன்னடியன் காலில், அதாவது கால்வாயில். மூன்றும் ஒரே எடை இருக்க வேண்டும் என்று சொன்னது நான்காம் வகுப்புப் பிள்ளை. கடை அண்ணாச்சியின் தராசில் கட்டுக்கு ஐம்பது கிராம் நிறுத்து வந்தார்கள். தடிமனை எப்படி அளப்பது என்று சண்டை. நூலைச் சுற்றி, நூலை அளவுகோலில் நீட்டினால் போதும் என்று முடிவாயிற்று. காலில் கட்டும் வேலையை அந்தப் பிள்ளையின் வாப்பா ஏற்றுக்கொண்டார். பிள்ளைகள் படித்துறைக்குப் போகக் கூடாது என்று மூன்று முறை அடிக்கோடிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

பார்வைக்கு ஒருவர் வந்தார். பிள்ளைகள் சுவரோரம் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். "பாடம் எப்போது நடத்துவீர்கள்?" என்று கேட்டார். சிலேட்டில் எழுதினேன்: "நடந்துகொண்டிருக்கிறது." இன்றைக்கு என் குரலாக இருந்தவன் (தினம் ஒருவர், பதிவேட்டு வரிசைப்படி) அதை நிமிர்ந்து நின்று வாசித்தான். வந்தவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பிறகு வாளிக்குப் பக்கத்தில் போய், இது என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டார். இருபது நிமிடம் அங்கேயே நின்றார். போகும்போது எதுவும் சொல்லவில்லை.

வாளிக்கட்டு இன்று நூற்றுப் பத்து கிராம்.

அக்டோபர் 17, வெள்ளி

நேற்றிரவு முழுவதும் மழை. காலில் தண்ணீர் ஏறி, கட்டியிருந்த கட்டு போய்விட்டது. வாப்பா தேடிப் பார்த்துவிட்டு வந்து, தன் பிழைபோல வாசலில் நின்றார். பிள்ளைகளில் இரண்டு பேர் அழுதார்கள். என்னால் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல முடியவில்லை. எழுதிக் காட்டுகிற ஆறுதல் ஆறுதலே இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. போன் எடுக்கவில்லை. அம்மா மட்டும் எதிர்முனையில் தானே பேசிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 23, வியாழன்

வாளித் தண்ணீர் நாற்றம் எடுத்துவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கோரையின் மேல் வழவழவென்று ஏதோ படிந்திருக்கிறது. "நிற்கிற தண்ணீரில் அழுகும். அதனால்தான் ஓடுகிற தண்ணீர்" என்று முடித்துவிடப் பார்த்தான் ஒருவன். நானாக இருந்தால் "சரியாகச் சொன்னாய்" என்று முடித்திருப்பேன். நிச்சயமாக முடித்திருப்பேன். பாய்வீட்டுப் பிள்ளை விடவில்லை. காலில் இருந்த கட்டைத்தான் நாம் பார்க்கவே இல்லையே, அது அழுகவில்லை என்று எப்படித் தெரியும் என்றாள்.

புது ஏற்பாடு: இரண்டு வாளி. ஒன்றில் தினமும் காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவது, மற்றதைத் தொடவே கூடாது. காலுக்குப் போகாமலே ஓடுகிற தண்ணீரைப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இதை யோசிக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. எந்தப் பாடத்துக்கு நான் ஒரு மணி நேரம் விட்டிருக்கிறேன்?

குரல் திரும்ப வேண்டும் என்று தினமும் குறுக்குத்துறை முருகனை வேண்டிக்கொள்கிறேன். திரும்பிய மறுநாளே இந்த ஒரு மணி நேரத்தை நான் பிடுங்கிக்கொள்வேனோ என்று இன்று பயம் வந்துவிட்டது.

அக்டோபர் 27, திங்கள்

ஒன்றை எழுதியே ஆக வேண்டும். மூன்று வாரமாக மகிழ்ந்துகொண்டிருந்ததில் இதைப் பார்க்காமல் விட்டேன். ஜன்னலோரப் பையன், ஐந்தாம் வகுப்பு. எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் இன்னும் முதல் நிலையான அரும்பு. மொட்டுக்கும் மலருக்கும் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் எழுதுவதைப் பார்த்து எழுதி, குழுவுக்குள் மறைந்துபோகிறான். வாளி தூக்குகிறான், தண்ணீர் மாற்றுகிறான், எடையை உரக்கச் சொல்கிறான். எடையை எழுதச் சொன்னால் அளவுகோலைத் தேடப் போய்விடுகிறான். அவன் என் குரலாக இருக்க வேண்டிய நாளில் பக்கத்துப் பையன் எழுந்து வாசித்திருக்கிறான். எனக்கு உறைக்கவில்லை.

பிள்ளைகள் தாங்களே கற்கட்டும் என்று விட்டுவிட்டால், ஏற்கெனவே ஓடுகிறவர்கள்தான் ஓடுவார்கள். வட்டமாக உட்கார வைத்தால் மட்டும் போதாது. வட்டத்துக்குள் யார் யாருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள் என்று பார்க்கிற வேலை என்னுடையது. அதற்குக் குரல் தேவையில்லை, கண் போதும். கண் இருந்தும் பார்க்கவில்லை.

மதிய உணவுக்குப் பிறகு அவனோடு உட்கார்ந்தேன். கெ, கே, கொ, கோ. கரையான் தின்றது போக மிஞ்சிய அட்டைகள். நான் விரலை வைப்பேன், அவன் சொல்ல வேண்டும். தவறினால் என்னால் திருத்திச் சொல்ல முடியாது. விரலை எடுக்காமல் காத்திருக்கத்தான் முடியும். 'கோரை'யில் நின்றான். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். 'கேரை' என்றான். விரலை அங்கேயே வைத்திருந்தேன். துணைக்காலைத் தானே தடவிப் பார்த்தான்.

அக்டோபர் 28, செவ்வாய்

கொ, கோ இரண்டும் நிற்கின்றன. கெ இன்னும் தடுமாறுகிறது.

அக்டோபர் 31, வெள்ளி

மழை விடுமுறை வந்துவிடுமோ என்று பிள்ளைகளுக்கு மேல் எனக்குக் கவலை. வாளிக்குத் தண்ணீர் யார் மாற்றுவது? ஜன்னலோரப் பையன் தன் வீடு பள்ளிக்குப் பின்னால்தான் என்றான். சாவி அக்காவிடம் இருக்கிறது. ஞாயிறு மாலைவரை அவன் பொறுப்பு. மாற்றிய நேரத்தையும் அவனே எழுத வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினான்.

நவம்பர் 2, ஞாயிறு

நாளை காலை பத்து மணிக்குப் பாளையங்கோட்டை. மறுபடியும் அந்தக் குழாய், அந்தத் திரை. குருணை கரைந்திருந்தால் மணிக்கு ஐந்து நிமிடம் பேச விடுவார்களாம். எதற்குச் செலவழிப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். வகுப்பில் அல்ல. முதலில் அத்தையிடம் பேச வேண்டும்.

சாயங்காலம் பள்ளிப் பக்கம் நடந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் இரண்டு வாளியும் தெரிகின்றன. சுவரின் அடியில், அவனுடைய கட்டத்தில், நேரங்கள் வரிசையாக இருக்கின்றன. சனி காலை, சனி மாலை, ஞாயிறு காலை. 'காலை' ஓரிடத்தில் 'கலை' என்று இருக்கிறது. ஞாயிறு மாலை இன்னும் எழுதவில்லை. மணி ஐந்தரை. தூறல் போட ஆரம்பித்தது, திரும்பிவிட்டேன்.

தொடாத வாளியைத் துப்புரவுக்கு வருகிற அம்மாள் நாற்றத்துக்காகக் கொட்டிவிடாமல் இருக்க, அக்காவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும்.