பிச்சாவரத்துப் படகுக் காசு

நேத்து கிள்ளை வழியா பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போயிட்டு வந்தேன். படகுக்கு அவ்வளவு கூட்டம். வரிசையில நிக்கும்போது ஒரே நெனப்புதான்: இந்தக் காசுல எவ்வளவு இந்தக் காட்டுக்கே திரும்பி வருது?

இங்க நாற்றைவிட வாய்க்கால்தான் உயிர். வெள்ளைக்காரன் காலத்துல காட்டைக் கூப்பு கூப்பா, அதாவது பகுதி பகுதியா, மொட்டையடிச்சதுல தரை பள்ளமாகி, உப்புத்தண்ணி தேங்கி, மரம் முளைக்காமலே போச்சு. பிற்பாடு மீன்முள் மாதிரி கிளை கிளையா வாய்க்கால் வெட்டி, கடல் ஏத்தத்துத் தண்ணியை உள்ளே விட்டாங்க. காடு திரும்புச்சு. ஆனா வாய்க்கால்ல வண்டல் சேர்ந்துகிட்டே இருக்கும். திட்டம் முடிஞ்சுது, பணம் தீர்ந்துதுன்னு தூர் வாராம விட்டா மறுபடியும் பழைய கதைதான்.

அரசுத் துறைகளை ஒண்ணா இணைச்சா செலவு குறையும்னு ஒரு பேச்சு அடிபடுது. ஆபீஸ் வாடகை, ஜீப் டீசல் குறையலாம். சேத்துல இறங்கித் தூர் வாரறவங்க கூலியில கை வைக்கக் கூடாது.

புலிகள் காப்பகங்களுக்கு 2006 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்துல தனி அறக்கட்டளை வந்துச்சு. நுழைவுக் கட்டணத்தை அங்கயே செலவு பண்ணலாம். முதுமலைக்கும் ஆனைமலைக்கும் இருக்கற அந்த ஏற்பாடு, 2022ல ராம்சார்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல சேர்ந்த நம்ம பிச்சாவரத்துக்கும் வேணும்.

2004 சுனாமியில இந்தக் காட்டுக்குப் பின்னாடி இருந்த டி.எஸ்.பேட்டை கிராமம் தப்பிச்சது. காட்டு மறைப்பு இல்லாத எம்.ஜி.ஆர். திட்டு கிராமத்துல எத்தனை உயிர் போச்சு! நெனச்சா இன்னும் நெஞ்சு அடைக்குது.

கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் இருக்கற சொந்தங்களே, உங்க ஊர்ல நடக்கற அடுத்த கூட்டத்துல தூர் வாரற செலவுக்குத் தனி ஒதுக்கீடு கேளுங்க. மனு எழுத நான் வர்றேன்.