தம்பிக்கு ஒரு சூடாகும் ஜாக்கெட்

ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபத்தில் மார்கழிக் காற்றுக்கே தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிறவன் என் தம்பி. இப்போது அவனுக்கு லடாக்கில் உள்ள லே நகரத்தில் வேலை. சுமார் 3,500 மீட்டர் உயரம். ஜனவரி இரவுகளில் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே போகுமாம்.

பேட்டரியில் சூடாகும் ஜாக்கெட் வாங்கி, ராத்திரி மொட்டைமாடியில் நானே போட்டுப் பார்த்தேன். நெஞ்சருகே பொத்தானை அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு. கொஞ்ச நேரத்தில், முதுகில் அம்மா உள்ளங்கையை வைத்த மாதிரி இதம்.

லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். உடம்போடு ஒட்டி, உள்பையில் வைக்கச் சொன்னேன். ஜாக்கெட்டுக்கு மின்சாரம் தருவது 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் என்றால், அதில் இருப்பது 37 வாட் ஹவர், அதாவது 37 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு. ஜாக்கெட் 10 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம் வந்தாலே அதிகம். அப்புறம், விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

ஜாக்கெட் மடிப்புக்குள் அம்மா நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றையும் வைத்துவிட்டார்.