செவலையின் குளம்புகள்: ஏழு மாதக் குறிப்பு

செவலை என்னிடம் வந்து ஏழு மாதம் ஆகிறது. பதினோரு வயதுப் பெண் மட்டக்குதிரை. நிறமே பெயராகிவிட்டது. லாடம் கிடையாது, வெறுங்குளம்பு. ஏறி ஓட்டவோ வண்டியில் பூட்டவோ நான் அவளை வாங்கவில்லை. கூட நடக்கவும் பார்த்துக்கொள்ளவும்தான். வந்த புதிதில் அவள் கண்ணையும் பிடரியையும் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். குளம்பைத் தூக்கிப் பார்க்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளை நினைத்தால் இன்னும் மனசு உறுத்துகிறது.

முதல் இரண்டு வாரம்

கால் கொடுக்க மறுத்தாள். முன்னங்காலைப் பிடித்தால் உதறினாள், பின்னங்காலை நெருங்கினால் நகர்ந்துவிட்டாள். முரண்டு பிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். லாடக்காரர் வந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீங்க பெரிய குதிரைக்குத் தூக்குற உயரத்துக்குத் தூக்குறீங்க. அதோட பக்கவாட்டுல இழுக்குறீங்க. அவளுக்கு மூட்டு வலிக்கும்ல?” அப்போதுதான் புரிந்தது. உயரம் குறைந்த குதிரையின் காலை என் வசதிக்கு உயர்த்தினால் அவளுக்குத் தோளும் முழங்காலும் முறுக்கிக்கொள்ளும். நான்தான் குனிய வேண்டும்.

அன்றிலிருந்து இப்படிச் செய்கிறேன். தோளில் கைவைத்து, மெல்லக் கீழே தடவிக்கொண்டே போய், முழங்காலுக்குக் கீழே பின்புறத் தசைநாணை லேசாக அழுத்துவேன். அவளாகவே பாதத்தை இளக்குவாள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்குவதில்லை. அவள் உடலுக்கு நேர் கீழேயே வைத்துக்கொள்வேன். முதலில் ஐந்து நொடி, பிறகு பத்து. அவள் இழுப்பதற்கு முன்பே நானே இறக்கிவிடுவேன். பன்னிரண்டாவது நாள் நான்கு கால்களையும் கொடுத்தாள். அன்று நோட்டில் அதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன், இரண்டு கோடு போட்டு.

அடிப்பக்கத்தை முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்ததும் அன்றுதான். வெளியே சுற்றிவர கெட்டியான குளம்புச் சுவர், நம் நகம் போன்ற பொருள். அதற்குள் சற்றே குழிந்த அடித்தகடு. இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய வெளிர்கோடு, அதை வெள்ளைக் கோடு என்கிறார்கள். குதிகாலிலிருந்து நடுவை நோக்கி முக்கோணமாக, ரப்பர் போல இருப்பது ஃப்ராக். லாடக்காரர் அதை ‘மெத்தை’ என்கிறார், எனக்கும் அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது. மெத்தையின் இருபுறமும் ஒவ்வொரு பள்ளம், நடுவே ஒரு பள்ளம். தொல்லை பெரும்பாலும் இந்த மூன்று பள்ளங்களில்தான் குடியிருக்கும்.

மூன்றாவது வாரம்: நாற்றம்

இடது பின்னங்காலைச் சுத்தம் செய்தபோது குடலைப் புரட்டும் நாற்றம். கொக்கியின் நுனியில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ வந்தது. சாணமும் சேறும் இப்படி நாறாது. குளம்பு அழுகல், த்ரஷ் என்பார்கள். காற்றுப் புகாத ஈரப் பள்ளத்தில் பெருகும் கிருமிகள் மெத்தையை அரித்துத் தின்கின்றன. ஆரோக்கியமான மெத்தையின் நடுப்பள்ளம், மாவில் கட்டைவிரலை அழுத்தினால் விழும் குழி அளவுக்குத்தான் இருக்கும். செவலைக்கு அது கீறல் போல ஒடுங்கி ஆழமாகப் போயிருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியை மெதுவாக வைத்தேன், காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வலி இருக்கும் ஆழத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

மயில்துத்தம் வைத்தால் சரியாகும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அது கிருமியைக் கொல்லும்தான். ஆனால் செறிவு கூடினால் உயிருள்ள சதையையும் பொசுக்கும். ஃபார்மலின், பிளீச்சிங் கரைசல், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் இதே ரகம். வெந்துபோன சதை இன்னும் எளிதாக அழுகும். கால்நடை மருத்துவரைக் கேட்டேன். போவிடோன் அயோடின் கரைசலே போதும், தினமும் விடாமல் செய்தால் என்றார்.

லாடக்காரர் தொங்கிக்கொண்டிருந்த செத்த சதையைக் கத்தியால் நீக்கி, பள்ளத்தைக் காற்றுப்படத் திறந்துவிட்டார். அந்த வேலையை நான் தொடவில்லை. எது செத்தது, எது உயிருள்ளது என்று கையில் பழக்கம் வராமல் கத்தியை எடுக்கக் கூடாது. என் பங்கு மற்றதெல்லாம்: குதிகாலிலிருந்து முனையை நோக்கிக் கொக்கியால் எடுப்பது, கெட்டியான தூரிகையால் கழுவுவது, துணியால் ஒற்றி ஈரமே இல்லாமல் காயவைப்பது, பிறகு கரைசலில் நனைத்த பஞ்சைத் திரியாக்கி நடுப்பள்ளத்தில் செருகுவது. காயவைக்காமல் மருந்து போட்டால் பாதி மருந்து தண்ணீரில் போய்விடும். நான் முதல் நான்கு நாள் அப்படித்தான் செய்தேன்.

பத்து நாளில் நாற்றம் போனது. மகிழ்ச்சியில் மருந்தை நிறுத்திவிட்டேன்.

ஏழாவது வாரம்: திரும்ப வந்தது

அதே கால், அதே நாற்றம். கூடவே வலது பின்னங்காலிலும் தொடக்கம். அன்று இரவு நோட்டை முன்பக்கத்திலிருந்து புரட்டினேன். மருந்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருந்தேன், அவள் நிற்கும் தரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மறுநாள் போய் நின்று பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி கசிந்து, அவள் வழக்கமாக நிற்கும் மூலை எப்போதும் சொதசொதவென்று இருந்தது. கொட்டிலின் படுக்கையில் மேலே காய்ந்த வைக்கோல், கையை விட்டுப் பார்த்தால் கீழே சிறுநீர் ஊறிய அடுக்கு. பின்னங்கால்கள் நிற்பதும் அங்கேதான்.

தொட்டியை நகர்த்தினேன். அந்த மூலையை வெட்டி, சரளைக் கல்லும் மணலும் போட்டு மேடாக்கினேன். படுக்கையில் ஈரமான பகுதியைத் தினமும் அடிவரை அள்ளி எடுத்தேன். நடைபயிற்சியை இரட்டிப்பாக்கினேன். ஒவ்வோர் அடிக்கும் மெத்தை அழுந்தி விரிவதால் பாதத்துக்குள் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், பள்ளத்தில் சேர்ந்ததும் தானாக உதிரும். நின்றே கிடக்கும் குதிரைக்கு எவ்வளவு கழுவினாலும் இது கிடைக்காது. மருந்து பழைய மருந்தேதான். இந்த முறை நாற்றம் போன பிறகும் மூன்று வாரம் தொடர்ந்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை வரவில்லை. நடுப்பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, இப்போது அடி தெரிகிறது.

இடையில்

ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து குறட்டால் வெட்டி அரத்தால் ராவிவிட்டுப் போகிறார். லாடம் இல்லாவிட்டாலும் இது தேவை. குளம்புச் சுவர் மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. விட்டால் முனை நீண்டு, ஓரம் மடங்கி, விரிசல் விடும். இரண்டு வருகைக்கு நடுவே ஓரம் சிலும்பினால் மட்டும் அரத்தால் லேசாக உருட்டிவிட அவரே கற்றுக்கொடுத்தார். எண்ணெய் பூசுவதைப் பற்றிக் கேட்டேன். “பளபளன்னு இருக்கும், அவ்வளவுதான்” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாவது மாதம் தொடக்கம்: மூன்று காலில் நின்றாள்

முந்தின நாள் மாலை நன்றாக நடந்தவள், காலையில் வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றவே இல்லை. எலும்பு முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கை நடுங்கியது. கால் முழுக்கத் தடவிப் பார்த்தேன், வீக்கம் இல்லை, காயம் இல்லை. பிறகுதான் நாடி நினைவுக்கு வந்தது.

இதைக் குதிரை வைத்திருப்பவர்கள் எல்லோரும் நோயில்லாத நாளிலேயே பழகிக்கொள்ள வேண்டும் என்பேன். குளம்புக்கு மேலே இருக்கும் கணு மூட்டின் பின்புறம், இரு ஓரங்களிலும் விரலை லேசாக வைத்தால் குளம்புக்குப் போகும் ரத்தக்குழாய் தட்டுப்படும். ஆரோக்கியமான காலில் துடிப்பு இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும். அந்தக் காலையில் வலது முன்னங்காலில் விரலைத் தூக்கி அடிப்பதுபோலத் துடித்தது. மற்ற மூன்றிலும் மெல்லியதாக. குளம்பின் மேல் புறங்கையை வைத்தேன், அந்த ஒன்று மட்டும் கொதித்தது.

மருத்துவர் வந்து அழுத்துகுறடால் அடித்தகட்டைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். வெளிப்பக்க ஓரத்தில் அழுத்தியதும் துள்ளினாள். குளம்புக்குள் சீழ்க்கட்டி. சிறு கல்லோ மண்ணோ வெள்ளைக் கோட்டின் இடுக்கு வழியாக ஏறி, உள்ளே சீழ் வைத்துவிடுகிறது. குளம்பு விரிந்து கொடுக்காத பெட்டி என்பதால் கொஞ்சம் சீழுக்கே அவ்வளவு வலி. கீழே வழி தெரிந்தால் அவர் திறந்துவிட்டிருப்பார். தெரியவில்லை. தெரியாத இடத்தில் தோண்டினால் அடித்தகடு பாழாகும் என்று கட்டுப் போடச் சொன்னார். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்றும் முதலிலேயே கேட்டார். குதிரைகளுக்கு அந்தக் கிருமி சுலபமாக எமனாகிவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் எப்சம் உப்பைக் கரைத்துக் காலை ஊறவைத்தேன். பிறகு நனைந்த பஞ்சுப் பொதி, அதன்மேல் குழந்தைகளுக்குப் போடும் டயாபர், அதைச் சுற்றி அகலமான டக்ட் டேப். டயாபர் குளம்புக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஒரு விஷயத்தில் கவனம்: டேப் குளம்போடு நிற்க வேண்டும். ரோமம் தொடங்கும் இடத்துக்கு மேலே இறுக்கிவிட்டால் ரத்த ஓட்டம் தடைபடும். ஈரக்கட்டை நாள் கணக்கில் நீட்டினாலும் குளம்பு ஊறி இளகிவிடும். மூன்றாவது நாள் காலை கட்டைப் பிரித்தபோது, குளம்பும் ரோமமும் சேரும் விளிம்பில் ஒரு கீறல் திறந்து சாம்பல் நிறச் சீழ் வழிந்திருந்தது. கீழே வழியில்லாததால் மேலே ஏறி உடைந்திருக்கிறது. அவள் நான்கு காலிலும் நின்று கொண்டிருந்தாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவர் காட்டிய வளையங்கள்

அதே வருகையில் அவர் இன்னொன்றையும் காட்டினார். முன்னங்குளம்புகள் இரண்டிலும் மரத்தின் வரிகள்போல வளையங்கள். எல்லாக் குதிரைக்கும் மெல்லிய வளையங்கள் உண்டு. செவலைக்கு அவை முனைப்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகன்றும் இருந்தன. என்னிடம் வருவதற்கு முன் அவளுக்கு லேசாக லாமினைட்டிஸ் வந்திருக்கலாம் என்றார். குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைப்பது இரண்டு புத்தகங்களின் தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகியதுபோன்ற அடுக்கு. அது அழன்று பிடி விட்டால் எலும்பே திரும்பலாம், கீழே இறங்கலாம். மட்டக்குதிரைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். வறண்ட புல்லில் பிழைக்கும் உடல் அது. சர்க்கரை மிகுந்த செழித்த புல்லும் கொழுப்பும் சேர்ந்தால் இன்சுலின் எகிறிவிடுகிறது.

ரத்தப் பரிசோதனையில் இன்சுலின் கூடுதலாகவே வந்தது. பிடரி மேடு தடித்திருந்ததை நான் அழகு என்று ரசித்திருக்கிறேன். அது கொழுப்பு. இப்போது மேய்ச்சல் விடியற்காலையில் மட்டும், புல்லில் சர்க்கரை குறைவாக இருக்கும் நேரத்தில். வெயில் ஏற ஏற அது கூடிக்கொண்டே போய் மாலையில் உச்சத்தில் நிற்கும். மீதிக்குத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த உலர்புல், எடை போட்டு. பட்டினி மட்டும் போடவே கூடாது. மட்டக்குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் உடல் கொழுப்பு ரத்தத்தில் கரைந்து கல்லீரலையே சாய்த்துவிடும்.

இரண்டு முன்னங்கால்களிலும் ஒருசேர நாடி துடித்தால், எடையைப் பின்னுக்குச் சாய்த்து நின்றால், திரும்பத் தயங்கினால், விடியும்வரை காத்திருக்காமல் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். வரும்வரை குளம்புகளை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும், நடக்கவிடக் கூடாது. இரண்டு வாளியும் ஐஸ் பைகளும் தயாராக இருக்கின்றன. இதுவரை எடுக்க வேண்டி வரவில்லை.

இன்று

சீழ் உடைந்து பத்து வாரம். விளிம்பில் இருந்த அந்தக் கீறல் குளம்போடு சேர்ந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்று காலை அளந்தேன்: 19 மில்லிமீட்டர். அதற்கு மேலே புதிதாக வளர்ந்த சுவர் வழவழப்பாக இருக்கிறது. கீழே பழைய வளையங்கள். கீறல் தரையைத் தொட இன்னும் நான்கு மாதம் பிடிக்கலாம். அந்த இடம் வலுவில்லாதது, தரையை நெருங்கும்போது சில்லாகப் பெயரக்கூடும் என்று லாடக்காரர் சொல்லியிருக்கிறார். அடுத்த வருகைக்கு இன்னும் ஒன்பது நாள். பின்னங்கால் இரண்டிலும் நாற்றம் இல்லை, நாடி நான்கிலும் மெல்லியது.