கூத்து அறக்கட்டளைக்கு 80ஜி வாங்கிய கதை

“ராத்திரி பூரா வேஷம் கட்டி ஆடுறவனுக்கு வருமானமே இல்ல. இதுல வருமான வரி விலக்கு எதுக்குப்பா?” என்று மாமா கேட்டார். மாமா தெருக்கூத்து வாத்தியார். செய்யாறு பக்கம் எங்கள் ஊர். ஜமாவில், அதாவது கூத்துக்குழுவில், ஆள் குறைந்துகொண்டே வந்ததால், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூத்துப் பயிற்சி தரலாம் என்று 2022 மே மாதம் ஓர் அறக்கட்டளை தொடங்கினோம். மாமா நிறுவனர், நான் செயலாளர். நன்கொடை கேட்ட இடத்தில் எல்லாம் முதல் கேள்வி “80ஜி இருக்கா?” என்பதுதான். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கச் செய்யும் பிரிவு அது. மாமாவின் கேள்விக்குப் பதில் அதுவே. விலக்கு எங்களுக்கு மட்டுமல்ல, கொடுப்பவருக்கும் வேண்டும்.

பத்திரத்திலேயே முதல் கோளாறு. பத்திரம் எழுதுபவர் ஏற்கெனவே வைத்திருந்த நகலில் பெயரை மாற்றிக் கொடுத்தார். நோக்கங்களில் ‘உலகெங்கும் தெருக்கூத்தைப் பரப்புதல்’ என்று ஒரு வரி. படிக்க நன்றாக இருந்ததால் விட்டுவிட்டோம். ஆடிட்டர் பார்த்ததும், “சார், இந்தியாவுக்கு வெளியே செலவு செய்தால் அந்தத் தொகைக்கு விலக்கு கிடையாது, அதற்கு மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி வேண்டும். உலகத்தை எடுத்துவிடுங்கள்” என்றார். கலைப்பு விதியிலும் தவறு. அறக்கட்டளையைக் கலைத்தால் சொத்து ‘அறங்காவலர்கள் முடிவு செய்தபடி’ போகும் என்று இருந்தது. இதேபோன்ற நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குத்தான் போக வேண்டும், அறங்காவலர் கைக்கு வரக் கூடாது. மறுபடி சார்பதிவாளர் அலுவலகம், திருத்தப் பத்திரம், இன்னொரு கட்டணம்.

தற்காலிகப் பதிவு வாங்கியதில் சொல்ல ஒன்றுமில்லை. ஜூலையில் அதற்கான 10ஏ படிவம் இணையத்தில் போட்டோம். அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. பத்திரம், அறக்கட்டளை பெயரில் பான், அறங்காவலர் விவரம் கொடுத்தோம், ஆகஸ்டில் அறக்கட்டளை வருமானத்துக்கு விலக்கு தரும் 12ஏபி, கொடுப்பவருக்கான 80ஜி இரண்டுக்கும் உத்தரவு வந்துவிட்டது. மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார் மாமா.

மிட்டாய் கொடுத்ததோடு தூங்கிவிட்டோம். மூன்று வருடம் இருக்கிறதே என்று நினைத்தது என் தவறு. பணிகள் தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, இதில் எது முன்னால் வருகிறதோ அதற்குள் தற்காலிகப் பதிவை முழுப் பதிவாக்கக் கேட்கும் 10ஏபி படிவம் போட வேண்டியிருந்தது. நாங்கள் வகுப்பைத் தொடங்கியது 2022 செப்டம்பர். கணக்குப்படி 2023 மார்ச்சோடு கெடு முடிந்துபோயிருந்தது. அடுத்த ஆண்டு கணக்கு முடிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பதிவு போனால் விலக்கு போவதோடு நிற்காது, அறக்கட்டளையின் நிகரச் சொத்து மதிப்பு மீதே உச்சபட்ச விகிதத்தில் வரி போட 115டிடி என்று ஒரு பிரிவு இருந்ததாம். எங்கள் சொத்து ஓர் ஆர்மோனியம், இரண்டு மிருதங்கம், முகவீணை, நாலு வேஷப் பெட்டி. ஆர்மோனியத்துக்குச் சந்தை மதிப்பு என்ன என்று அன்று ராத்திரி நிஜமாகவே யோசித்தேன்.

எங்களைப்போல் தவறவிட்டவர்கள் நாடு முழுக்க இருந்திருக்கிறார்கள். 2024 ஏப்ரல் 25 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டு ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தது. ஜூன் முதல் வாரமே 12ஏபிக்கு ஒன்று, 80ஜிக்கு ஒன்று என்று இரண்டு 10ஏபி போட்டோம்.

அப்புறம் விளக்கம் கேட்டு வரித்துறையின் நோட்டீஸ். அது வந்ததே எனக்குத் தெரியாது. பான் விண்ணப்பிக்கும்போது பிரவுசிங் சென்டர் பையன் தன் மின்னஞ்சலைப் போட்டிருந்தான், வரித்துறை தளத்திலும் அதுவே ஏறிவிட்டது. ஆடிட்டர் தற்செயலாக உள்ளே போய்ப் பார்த்தபோது பதில் சொல்ல இரண்டு நாள்தான் பாக்கி. அவகாசம் கேட்டு வாங்கினோம். மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் இன்றைக்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸில் இருந்த கேள்விகளில் மூன்றுதான் கடினம். முதலாவது, கலையை வளர்ப்பது எந்த வகையில் அறம்? அப்போதைய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(15) பிரிவில் ஏழைகளுக்கு உதவி, கல்வி, யோகா, மருத்துவம், சுற்றுச்சூழல், கலை மதிப்புள்ள நினைவுச்சின்னங்களையும் பொருள்களையும் காப்பது எல்லாம் பெயர் சொல்லி இருந்தன. ஆடுகிற, பாடுகிற கலைக்குப் பெயர் இருக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவுக்கான கம்பெனிச் சட்டப் பட்டியலில் ‘பாரம்பரியக் கலைகளின் வளர்ச்சி’ என்று நேராகவே இருக்கிறது. வருமான வரியில் நாங்கள் கடைசி வாலான ‘பொதுப்பயன்’ என்பதில்தான் ஒண்ட வேண்டியிருந்தது. கல்வி என்று வாதாடலாமே என்றேன். பாடத்திட்டமும் தேர்வும் இல்லாத ஞாயிறு வகுப்பை வைத்து அந்த வம்பு வேண்டாம் என்றார் ஆடிட்டர். எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான். நான்கு வருடம் அடவும் விருத்தமும் கற்பது கல்வி இல்லை என்றால் வேறென்ன?

பொதுப்பயன் வகைக்கு ஒரு கடிவாளம் உண்டு. கட்டணம் வாங்கிச் செய்யும் வேலையின் வரவு, மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாவது கேள்வி அங்கே இடித்தது. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் ஜமா ஆடிய கூத்துக்கான பணம் 90,000 ரூபாயை, வசதி என்று அறக்கட்டளைக் கணக்கில் போட்டிருந்தேன். மொத்த வரவு 5,40,000. ஆறில் ஒரு பங்கு. அந்தக் காலத்து ராஜா வாங்கிய வரியும் அதேதானே! தப்பித்தோம். இன்னும் இரண்டு கோயிலில் தாம்பூலம் வாங்கி ஆட ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஆண்டு விலக்கு போயிருக்கும். இப்போது ஜமாவின் பணம் ஜமாவுக்கு, அறக்கட்டளைக் கணக்குப் பக்கமே வராது.

மூன்றாவது, மாமாவுக்கு மாதம் கொடுத்த 12,000 ரூபாய். நிறுவனருக்கே சம்பளமா என்று கேட்டார்கள். சட்டத்தில் தடை இல்லை, செய்த வேலைக்கு ஏற்ற நியாயமான தொகையாக இருக்க வேண்டும். வருகைப் பதிவேடு, வகுப்பு நாள்கள், வங்கி வழியாகப் போன பணம் எல்லாம் காட்டினோம். மற்ற கலைஞர்களுக்கு ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீது இருந்ததால் பிரச்சினை வரவில்லை. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது அறச் செலவில் சேராது. கிரீடமும் புஜக்கட்டையும் செய்தவருக்கு ஒரே கையில் எண்ணிக் கொடுத்த 14,000 ரூபாய் அப்படித்தான் போனது.

புகைப்படமும் கேட்டார்கள். எங்களிடம் இருந்ததெல்லாம் இரவுப் படங்கள், குழல்விளக்கு மட்டும் தெரிந்தது. பிள்ளைகளுக்குப் பகலில் வேஷம் போட்டுப் படமெடுக்கலாம் என்றதும் மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் பயிற்சி வகுப்பையே எடுத்து அனுப்பினோம்.

2024 டிசம்பரில் இரண்டு உத்தரவும் வந்தன. ஐந்தாண்டுப் பதிவு. அப்போதைய விதிப்படி அதன்பின் ஆண்டுதோறும் வேலை இருந்தது. வரவில் 85 சதவீதம் நோக்கத்துக்குச் செலவாக வேண்டும், தணிக்கை, வருமான வரிக் கணக்கான ஐடிஆர் 7, மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலாக 10பிடி. பிந்தினால் நாளுக்கு 200 ரூபாய். பட்டியல் ஏறினால்தான் கொடுத்தவருக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்று எடுக்க முடியும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்குக் கழிவு இல்லை.

முதன்முதலில் “80ஜி இருக்கா?” என்று கேட்ட ஊர்க்காரர் சென்னையில் இருக்கிறார். சான்றை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். “நான் புது வரி முறைக்கு மாறிட்டேனே, அதுல இந்தக் கழிவு இல்லையே” என்றார். மாமாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.