பிரவுன் தீர்ப்பு: தேர்வில் நான் கோட்டைவிட்ட இடம்

முதுகலைச் சட்டப் படிப்பில் ஒப்பியல் அரசமைப்புச் சட்டத் தாளை முதன்முறை எழுதியபோது, 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது பற்றிய ‘பிரவுன் எதிர் கல்வி வாரியம்’ வழக்கில் அளித்த தீர்ப்பு அந்நாட்டில் இனப் பிரிவினையையே ஒழித்துவிட்டது என்று எழுதி, பத்து மதிப்பெண் வினாவில் மூன்றுதான் பெற்றேன். கைடை மட்டும் நம்பிப் படித்ததன் பலன் அது. தீர்ப்பின் மூலத்தைப் படித்திருந்தால், இனவாரியாகப் பிரித்து வைத்தாலும் வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்ற ‘பிரித்தாலும் சமம்’ கோட்பாட்டுக்குப் பொதுக் கல்வியில் இடமில்லை என்று மட்டுமே நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாகக் கூறியிருப்பது தெரிந்திருக்கும். தலைமை நீதிபதி வாரன் எழுதிய அத்தீர்ப்பு மிகச் சிறியது. ஒரே மாலையில் படித்துவிடலாம்.

மறுமுறை பிரவுனுக்கு முந்தைய வழக்குகளிலிருந்து தொடங்கினேன். ரயில் பெட்டிகளைப் பற்றிய, அந்தக் கோட்பாட்டை ஏற்ற 1896ஆம் ஆண்டின் பிளெஸி வழக்கை அனைவரும் படிப்பர். 1950இல் வந்த மெக்லாரின் வழக்கைப் பலர் தாண்டிவிடுகின்றனர். ஓக்லஹோமா பல்கலைக்கழகம் கறுப்பின மாணவரான மெக்லாரினைச் சேர்த்துக்கொண்டது; ஆனால் வகுப்பறையை ஒட்டிய சிற்றறையில் உட்காரவைத்தது, நூலகத்திலும் உணவகத்திலும் தனி மேசை ஒதுக்கியது. ஆசிரியரும் பாடமும் ஒன்றாகவே இருந்தும் அது சமத்துவமாகாது என்று நீதிமன்றம் கூறியதைப் புரிந்துகொண்டால், பள்ளிக் கட்டடமும் ஆசிரியர் சம்பளமும் சமமாக இருந்தாலும் பிரிப்பதே சமமின்மை என்ற பிரவுனின் வாதம் தானே பிடிபடும். பிரிவினை கறுப்பினக் குழந்தைகளின் மனத்தைப் பாதிப்பதைக் காட்ட, வெள்ளை, கறுப்புப் பொம்மைகளைக் கொடுத்து உளவியலாளர் கிளார்க் நடத்திய பொம்மைச் சோதனையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம்; தீர்ப்பில் அவர் பெயர் வருவது பதினோராம் அடிக்குறிப்பில்தான்.

பிரவுன் தீர்ப்புக்கு அடிப்படையான, அமெரிக்க அரசமைப்பின் பதினான்காம் திருத்தத்தின் சமப் பாதுகாப்பு மாநிலங்களை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதால், எந்த மாநிலத்திலும் சேராத தலைநகர் வாஷிங்டனின் பள்ளிகளுக்கு அதே நாளில் ‘போலிங் எதிர் ஷார்ப்’ என்ற தனித் தீர்ப்பு, ஐந்தாம் திருத்தத்தின் அடிப்படையில் வந்தது. இந்த ஒரு வரியை எழுதுவோர் குறைவு. எழுதினால் மதிப்பெண் உண்டு.

பிரவுன் தீர்ப்பை நடைமுறைப்படுத்துவது குறித்து அதே நீதிமன்றம் அளித்த 1955ஆம் ஆண்டுத் தீர்ப்பு கெடு எதுவும் விதிக்கவில்லை. ‘நிதானமான முழு வேகத்துடன்’ செய்யுங்கள் என்றது. தமிழில் சொல்லிப் பார்த்தாலே அதிலுள்ள முரண் தெரிந்துவிடும். பிரவுனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் ஒன்று எழுந்த இடமான வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைக்க மனமின்றி, 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே மூடி வைத்தது. தீர்ப்பின் விளைவைப் பற்றிக் கேட்ட வினாவுக்கு, இரண்டாம் முறை என் விடையை அந்தப் பூட்டிய பள்ளிகளிலிருந்துதான் தொடங்கினேன்.