ஓர் அண்டா சோறு

முழங்கால் வலி போனால் பரங்குன்றத்து முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாகப் பெரியம்மாவின் வேண்டுதல். வலி முழுசாகப் போகவில்லை. "பாதி போயிருக்குல்லத்தா, அதுக்கே எடுத்துருவோம்" என்று வைகாசி விசாகத்தன்று விடியற்காலை நாலு மணிக்கே மஞ்சள் சேலையில் தயாராக நின்றார். பழங்காநத்தத்திலிருந்து நடை. துணைக்கு நான்.

வழியெல்லாம் பந்தல்கள். பானகம், நீர்மோர், தர்பூசணிக் கீற்று, பொங்கல், புளியோதரை. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். கோயிலை அடைவதற்குள் மூன்று பந்தல்களில் கை நீட்டியாகிவிட்டது.

திருப்பரங்குன்றம் மலையைக் குடைந்த கோயில். மூலவர் பாறையிலேயே வடித்த திருமேனி என்பதால் அபிஷேகமெல்லாம் வேலுக்குத்தான். விசாகத்தன்று சண்முகர் விசாகக் கொறடு மண்டபத்துக்கு எழுந்தருளி, வருகிற குடங்களின் பாலை வாங்கிக்கொள்கிறார். இரண்டரை மணி நேரம் வரிசை. பெரியம்மாவின் குடத்துப் பால் சரிந்து விழுந்தது ஒரு கண்சிமிட்டும் நேரம். அவர் அழுதார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது மணி பதினொன்று. கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. சன்னதித் தெரு முனையில் ஒரு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தோம். எதிரே நாலைந்து இளவட்டங்கள் போட்ட பந்தல். பெரிய அண்டா நிறைய சாம்பார் சாதம், அடுக்கிவைத்த பாக்குமட்டைத் தட்டுகள். வாங்கத்தான் ஆளில்லை. ஒரு பையன் நடுரோட்டில் நின்று, "அண்ணே, ஒரு கரண்டிண்ணே... அக்கா, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கக்கா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் வயிறு நிறைந்திருந்தது. சிலர் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

எனக்கு ஆபுத்திரன் ஞாபகம் வந்துவிட்டது.

மணிமேகலையில் வரும் பௌத்தக் கதை அது. எழுதிய சாத்தனார் மதுரையில் கூலவாணிகர், அதாவது தானிய வியாபாரி. நெல்லை அளந்து விற்றவருக்குப் பசியின் அளவும் தெரிந்திருக்கிறது. பெரியம்மாவுக்குக் கதை தெரியாது. "சொல்லேன், கால் ஆறுற வரைக்கும்" என்றார்.

வாரணாசிப் பெண் ஒருத்தி பெற்றுப் போட்டுவிட்டுப் போன பிள்ளையை ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காப்பாற்றுகிறது. அதனால்தான் ஆபுத்திரன் என்ற பெயர். வளர்ந்தபின், வேள்வியில் பலியிடக் கட்டியிருந்த பசுவை இரவோடு இரவாக ஓட்டிப்போகிறான். ஊரை விட்டுத் துரத்துகிறார்கள். போகிற ஊரில் எல்லாம் பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறார்கள். கடைசியில் நம் மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்குகிறான். வீடு வீடாகப் பிச்சை எடுத்து, பார்வையற்றவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், ஆதரவற்றவர் எல்லோரையும் கூப்பிட்டு ஊட்டிவிட்டு, மிஞ்சியதைத் தின்றுவிட்டு, பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறான்.

ஒரு மழை நாள் நடுராத்திரி, பசி என்று சிலர் வந்து எழுப்புகிறார்கள். கையில் எதுவும் இல்லை. அவன் தவித்துப்போய் நிற்கையில் தேவி வந்து ஒரு பாத்திரத்தை நீட்டுகிறாள். "ஏடா அழியல்!" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறாள், வருந்தாதேடா என்கிறாள். மதுரைத் தெய்வம், மதுரை அத்தை மாதிரியே. நாடு வறண்டாலும் இந்த ஓடு வறளாது, வாங்குகிறவர் கைதான் வலிக்கும் என்று சொல்லிக் கொடுக்கிறாள். அதுதான் அமுதசுரபி.

"அப்புறம் என்ன, நல்லபடியா முடிஞ்சிருச்சுல்ல?" என்றார் பெரியம்மா.

முடியவில்லை. இனிமேல்தான் கதை.

இந்திரன் கிழவன் வேஷத்தில் வந்து, உன் தானத்துக்குப் பலன் தருகிறேன், கேள் என்கிறான். ஆபுத்திரன் விலா ஒடியச் சிரிக்கிறான். பசியோடு வருகிறவரின் முகம் தெளிவதைக் காட்டும் பாத்திரம் என்னிடம் இருக்கிறதே, உன் தேவலோகத்தில் இதைவிட என்ன இருக்கிறது என்கிறான். இந்திரனுக்குச் சுருக்கென்றுவிட்டது. அவன் இடியை இறக்கவில்லை, மழையைப் பெய்யவிட்டான். பன்னிரண்டு ஆண்டு வறண்டு கிடந்த பாண்டிய நாடு செழித்தது. அம்பலத்தில் பசித்தவர்கள் இருந்த இடத்தில் "வட்டும் சூதும் வம்பக் கோட்டியும்", அதாவது வட்டாட்டம், சூதாட்டம், வெட்டி அரட்டை. ஆபுத்திரன் ஊர் ஊராகப் போய், உண்பவர் உண்டா என்று கேட்கிறான். யார் இவன் என்று ஏளனம் செய்கிறார்கள்.

நான் கை காட்டவில்லை. பெரியம்மாவே ரோட்டில் நின்ற பையனைப் பார்த்தார்.

கடல் கடந்த சாவக நாட்டில் மழையில்லை, உயிர்கள் மடிகின்றன என்று கப்பலில் வந்தவர்கள் சொல்லக் கேட்டு ஆபுத்திரன் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, கையில் வற்றாத சோறு. பல உயிரைக் காக்கும் பாத்திரத்தால் என் ஓர் உயிரை மட்டும் காப்பதைப் பொறுக்கமாட்டேன் என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இருந்து உயிரை விடுகிறான். தான் மட்டும் சாப்பிட்டு உயிர் வாழ்ந்திருந்தால் என்ன குற்றம் என்று கல்லூரி நாட்களில் எனக்கு ஒரே எரிச்சல். இப்போதும் கொஞ்சம் உண்டு.

அந்தப் பாத்திரம் ஆண்டுக்கு ஒருநாள் நீருக்கு மேலே வரும். வைகாசி விசாகம், புத்தர் பிறந்த நாள். இலங்கையில் வெசாக் என்று கொண்டாடுவது இதே விசாகத்தைத்தான்.

"இன்னைக்கா?" என்றார் பெரியம்மா. "இன்னைக்குத்தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நேராகப் பந்தலுக்குப் போனார். "ஏய்யா, வயிறு நெறஞ்சவனை எதுக்கு மறிக்கிறீங்க? ரத வீதியில விடியக் காலையிலருந்து குப்பை அள்ளுதுக பாரு, அதுக எதாச்சும் தின்னுச்சுகளான்னு கேட்டீங்களா? ரயிலடியில எத்தனை பேரு படுத்துக் கெடக்கான்?"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூப்பிட்டால் வருவார்கள் என்று நினைத்திருந்தார்களாம். ஐந்து நிமிடத்தில் அண்டா ஒரு டாடா ஏஸில் ஏறிவிட்டது. பெரியம்மாவும் முன்சீட்டில் ஏறிவிட்டார். பால்குடம் என் மடியில்.

ரத வீதியில் வண்டி நின்றதும் துப்புரவுப் பணியாளர்கள் முதலில் நம்பவில்லை. காசு கேட்பார்களோ என்று ஒரு அம்மா தயங்கினார். பிறகு துடைப்பங்களைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைகழுவி வந்தார்கள். என்னிடம் ஒரு கரண்டியைக் கொடுத்தார்கள். அங்கிருந்து ரயிலடிக்கு. அரைமணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது. தேவி வாங்குகிறவர் கையைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறாள்.

ஒன்றரை மணிக்கு அண்டா காலி. அடியில் கருகி ஒட்டியிருந்த காந்தலை ஒரு பையன் சுரண்டிக்கொண்டிருந்தான். பெரியம்மா ஒரு தட்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"அதை இதுல போடுய்யா. இப்பத்தான் பசிக்குது."